ஏழு நாளுக்கு 450 ரூபாய்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் என்று நெடுங்காலம் கணக்கு இருந்தது. ஒரு நாளைக்கு இல்லை, ஏழு நாளுக்கும் சேர்த்து. ஓர் அலகில் நூறு பேர் இருப்பார்கள். முகாமுக்கு ஐம்பது பேர் போவார்கள். ஆக 22,500 ரூபாயில் ஐம்பது வளர்ந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, டீ, மண்வெட்டி வாடகை, போய்வர வண்டி, நிறைவு விழாவுக்கு மைக் செட் எல்லாம் முடிந்தாக வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். பின்னால் தொகையைக் கூட்டினார்கள். விலைவாசி அதற்கு முன்பே கூடியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இந்தத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக நான் இருந்த காலத்தில், திட்ட அலுவலராக வர விரும்பும் கல்லூரி ஆசிரியர் எவரிடமும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். தொண்டின் மகத்துவம் பற்றிப் பேச வந்தவர்கள் கொஞ்சம் அசௌகரியப்படுவார்கள். “அப்ப அரிசி யாரு மேடம் தருவா?” என்று யாராவது கேட்டால் அவர் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

அரிசி யார் தருவது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பெரியவர் வருவார். “ரெண்டு மூட்டை நான் இறக்கிடுறேன் டீச்சரம்மா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீக” என்பார். மனசாரத்தான் சொல்வார். வாங்கிவிட்டால் அன்றோடு முகாம் அவருடையது. பேனரில் அவர் படம் ஏறும். பிள்ளைகள் தூர்வாரும் வாய்க்கால் அவர் வயலைப் பார்த்து நீளும். அவருக்கு ஆகாத தெருவிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்க்க மாட்டார். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னாலோ ஏழு நாளும் பகை. நாங்கள் பழகிக்கொண்ட பதில் இதுதான்: “ரொம்ப சந்தோஷம்ண்ணே, உங்க வீட்ல ஒரு படி குடுங்க. எல்லா வீட்லயும் ஒரு படிதான் வாங்குறோம்.” பிறகு பிள்ளைகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். காலனித் தெருவுக்குப் போய்விட்டுத்தான் மற்றத் தெருக்களுக்குப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். இதனால் சமையல்காரருக்குத்தான் தொல்லை. பொன்னி வெந்து குழைந்திருக்கும், ரேஷன் புழுங்கல் விதை விதையாக நிற்கும். ஒரு சமையல்காரர் அண்டாவைக் காட்டி என்னிடம் சண்டைக்கே வந்தார். அந்தச் சோற்றைப் பிள்ளைகள் குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டார்கள். ஊரும் வந்து சாப்பிட்டது. தன் வீட்டு அரிசியும் அதில் கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஊரிடம் சிறுகச் சிறுக வாங்கிப் பொதுக் காரியம் நடத்தும் முறைக்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. அவரும் அதிகாரிதான். நெ. து. சுந்தரவடிவேலு காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர். 1956-இல் பள்ளி மதிய உணவு தொடங்கியபோது அது முதலில் ஊர்மக்கள் கொடையில்தான் ஓடியது. அரசு மானியம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராகக் கூட்டி, பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் கட்டடமும் ஊராரிடமே கேட்டு வாங்கினார். பிறகு 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அதே 1969-இல், செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். நெ.து.சு.வின் தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ நூலைப் புதிய திட்ட அலுவலர்களிடம் படிக்கக் கொடுப்பேன். பாதிப் பேர் படிக்காமலே திருப்பித் தருவார்கள். படித்தவர்களிடம் ஒரு மாற்றம் தெரியும். அரசு ஊழியம் வேறு, பொதுத்தொண்டு வேறு என்று அதுவரை பிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார்கள்.

ஏனென்றால் அந்தப் பிரிவினைதான் பல்கலைக்கழக அலுவலகங்களைக் கெடுக்கிறது. முகாமில் மண் சுமக்கும் மாணவன் தொண்டு செய்கிறான், மேசையில் இருப்பவர் ‘பேப்பர் ஒர்க்’ பார்க்கிறார் என்று ஒரு நினைப்பு. என் அனுபவத்தில் மண் சுமக்க ஆள் எப்போதும் கிடைத்தது. முகாமுக்கு முன்னால் முன்பணம் கிடைப்பதுதான் அரிது. பிப்ரவரி முதல் வாரம் முகாம் என்றால், கோப்பு டிசம்பரிலேயே கிளம்ப வேண்டும். எங்கள் பிரிவு, அங்கிருந்து கண்காணிப்பாளர், நிதி அலுவலர், பதிவாளர், தேவைப்பட்டால் துணைவேந்தர், பிறகு திரும்பவும் நிதிப் பிரிவு, கடைசியில் காசோலை. நடுவில் பொங்கல் விடுமுறை விழும். ஒரு மேசையில் ஒரு சந்தேகக் குறிப்பு எழுதப்பட்டால் ஒரு வாரம் போச்சு. வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள்; யாரும் அப்படித் தடுப்பதில்லை. தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள், பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு முன்கூட்டியே பதில் வைத்து எழுதுவதுதான் குறிப்பு எழுதும் வித்தை. போன ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டதா, பயன்பாட்டுச் சான்றிதழ் போய்விட்டதா, அதன் நகல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த அரசாணையின்படி இந்தத் தொகை, யார் பெயரில் முன்பணம், அவர் பெயரில் பழைய பாக்கி ஏதும் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம். இவ்வளவும் முதல் பக்கத்திலேயே இருந்தால் கோப்பு மூன்று நாளில் திரும்பும். என்னோடு வேலை பார்த்த ஓர் இளநிலை உதவியாளர், திருமணமாகி வந்த புதிதில் வாய் பேசவே கூச்சப்படுவார், இதில் அசாத்தியத் தேர்ச்சி பெற்றுவிட்டார். அவர் போட்ட குறிப்பில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் கையெழுத்துப் போட்ட நிதி அலுவலர் ஒருவர், “இந்தப் பொண்ணு எழுதுனா எனக்கு வேலையே இல்லாமப் போயிருது” என்று அலுத்துக்கொண்டார். அந்த ஆண்டு எங்கள் எந்த முகாமிலும் திட்ட அலுவலர் தன் நகையை அடகு வைக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் வைத்திருக்கிறார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கும் எனக்கு ஒரு விதி உண்டு: டவுன் பஸ் போகிற ஊராக இருக்க வேண்டும். மலையடிவாரத்தில், ஒற்றையடிப் பாதை முடிகிற இடத்தில் முகாம் போட்டால் படம் நன்றாக வரும். மாணவர்களுக்கும் ஒரு வீரதீரம் இருக்கும். ஆனால் முகாம் முடிந்த மறுவாரம் ஒரு பிள்ளை தானாகக் கிளம்பி அந்த ஊருக்குப் போய்வர முடியாது. ஒரு தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 என்பது திட்டத்தின் கணக்கு. அந்த ஏழு நாள் முகாம் இதில் சேராது. இந்த மணி நேரங்கள் எங்கே கழிகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் கல்லூரி வளாகத்துப் புல் பிடுங்குவதில். பஸ் போகிற ஊரென்றால் சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆறரை மணி வண்டிக்குத் திரும்பிவிடலாம்.

முதல் தடவை ஊருக்குப் போகும்போது மாணவர்களும் வேண்டாம், பேனரும் வேண்டாம். டீக்கடையில், ரேஷன் கடை வாசலில், பால் ஊற்றுகிற இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: தண்ணி எப்ப வரும்? மூன்று இடத்திலும் மூன்று பதில் வந்தால் அந்த ஊரில் வேலை இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது கோலப்பொடி எடுத்துப்போவோம். ஊரை வரைபடமாகத் தரையில் ஊராரையே வரையச் சொல்வது பங்கேற்பு மதிப்பீட்டில் வழக்கம். தொண்டு நிறுவனத்தார் எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொன்னால்தான் விஷயம் தெரியும். ஓர் ஊரில் ஆண்கள் கோயிலில் தொடங்கி, மந்தை, கண்மாய், மெயின் ரோடு என்று நேர்கோடுகளாக இழுத்து முடித்துவிட்டார்கள். அழகான படம். பெண்கள் கைப்பம்பில் ஆரம்பித்தார்கள். அங்கிருந்து எந்த வீட்டுக்கு எத்தனை நடை என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். ஓரிடம் வந்ததும் ஓர் ஆத்தா பொடி போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினார். “இங்கிட்டுப் போகாத, இது ராத்திரிக்கு ஆகாத வழி” என்றார். கருவேலங்காடு. இருட்டிய பிறகு பெண்கள் ஒதுங்கப் போகிற இடமும் அதுதான். ஆண்கள் படத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த முகாமில் பிள்ளைகள் சீமைக்கருவேலத்தை எங்கிருந்து வெட்ட ஆரம்பித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்குக்கு ஊராட்சிக்கு மனுவும் அந்த வாரமே போனது.

தங்குமிடம் பள்ளிக்கூடம்தான். கோயில் மண்டபம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும், சமுதாயக் கூடம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அங்கே எல்லாரும் கால் வைக்க முடியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் ஒத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அடுத்தது கழிப்பறை. நான் தயாரித்த ஊர்ப் பார்வைப் படிவத்தில் முதல் வரியே அதுதான்: பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள், அங்கே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணி வரை. ஊரின் மக்கள்தொகை, எழுத்தறிவு விகிதமெல்லாம் அதற்குக் கீழேதான். சில பேராசிரியர்களுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. படிவத்தை நான் மாற்றவில்லை.

பேரிடர்க் காலம் வந்தால் எல்லாரும் உதவ ஓடுவார்கள்; அங்கேதான் நிர்வாகிக்கு உண்மையான வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கடலில் எல்லாம் போன மீனவப் பெண்கள், கிழிந்த உடுப்பை வாங்கக் கை நீட்டவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது எங்கள் கல்லூரிகளிலிருந்து லாரி நிறையப் பிஸ்கெட்டும் சட்டைகளும் வரத் தயாராக இருந்தன. லாரி கிளம்பட்டும் என்று யாரும் அவசரப்படுத்தாதபடி, முதலில் ஆறு மாணவர்களை மட்டும் பைக்கில் அனுப்பினோம். அவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்த பட்டியலில் பிஸ்கெட் இல்லை. தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவர்த்தி, மாதவிடாய்க் கால நாப்கின், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, விழுந்த தென்னையை அறுக்க ரம்பமும் அறுக்கத் தெரிந்த ஆளும். பட்டியலைக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பினோம். இரண்டு நாள் தாமதம் என்று திட்டினார்கள். திட்டட்டும். போன லாரியிலிருந்து ஒன்றுகூடச் சாலையோரம் கொட்டப்படவில்லை.

ரத்ததான முகாமிலும் இதே சங்கதிதான். தலைவர்கள் பிறந்தநாள், அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான நாள் என்று ஒரே நாளில் நானூறு யூனிட் எடுத்துச் சாதனை படைக்க எல்லாக் கல்லூரிக்கும் ஆசை. சிவப்பணு எந்தக் கரைசலில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும்; தட்டணு வெறும் ஐந்து நாள். அக்டோபரில் குவிந்தது நவம்பர் கடைசியில் யாருக்கும் ஆகாது. மே மாதம் கல்லூரிகள் மூடியிருக்கும்போது ரத்த வங்கியிலிருந்து போன் வரும், பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு அவசரம் என்று. ஆகவே நாங்கள் கல்லூரிகளை மாத வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டோம். கோடை விடுமுறைக்கு ஆசிரியரல்லாத பணியாளர்களும் உள்ளூர்ப் பழைய மாணவர்களும். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாதம். 45 கிலோவுக்குக் குறைந்தால், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகளின் பட்டியலையும் தனியாக வைத்துக்கொண்டு, பெயரை வெளியிடாமல், விடுதிச் சமையலில் கீரையும் பயறும் வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்வியை விடுதிக் குழுவுக்குக் கொண்டுபோனோம். ரத்ததான முகாமின் ஆகப்பெரிய பலன் அதுவாகவே இருக்கக்கூடும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஆண்டறிக்கையில் அதற்குப் பத்தி கிடையாது.

ஆண்டறிக்கை என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே சொல்லிவிட்டது. நல்ல காரியம். பின்னால் கல்லூரிகளின் தரம் பார்க்கும் நாக் மதிப்பீடு வந்து, விரிவாக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆனது. அதுவும் நல்லதுதான். ஆனால் மதிப்பெண் எண்ணிக்கைக்குத்தான். இடம் தெரிகிற ஜியோடேக் போட்டோ ஒட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒரே வேப்பங்கன்றை இருபது பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்கள் பெருகிவிட்டன. ஒரு கல்லூரியில் ஒரே குழியில் மூன்று ஆண்டு தொடர்ந்து கன்று நட்டிருந்தார்கள். எங்கள் ஆண்டறிக்கைப் படிவத்தில் நான் சேர்த்த ஒரே கேள்வி: போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? நிறையக் கல்லூரிகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டன. காலியாக விட்டதையே நேர்மையாக எடுத்துக்கொண்டேன்.

சான்றிதழுக்காகச் சேருகிறார்கள் என்று மாணவர்களைக் குறை சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. சேரட்டும். பதினெட்டு வயதில் எந்தக் காரணத்தைச் சொல்லி வந்தால் என்ன, வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதானே கேள்வி. ஆசிரியர்களில் பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்க வந்தவர்களும் உண்டு. அவர்களிலும் நல்ல திட்ட அலுவலர்கள் வாய்த்தார்கள்.

ஊரோடு சேர்ந்து வேலை செய்யும் இந்தத் தொழிலுக்கு ஒரு பள்ளி உண்டென்றால் அது காந்திகிராமம்தான். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் ஊன்றியது. மருத்துவமனை, பள்ளி, கதர் என்று வளர்ந்து, கிராமிய நிறுவனமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மற்றப் பல்கலைக்கழகங்கள் ஊருக்குப் போகின்றன. அது ஊருக்குள்ளேயே இருந்தது. அங்கே துணைவேந்தராக இருந்த மு. அறம், அதற்கு முன் 1964-இல் நாகாலாந்துக்குப் போய்ச் சமாதானப் பணியில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். துப்பாக்கி வைத்திருக்கும் இரு தரப்பிடமும் மாறி மாறிப் பேசிய ஒருவர் பிறகு ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எங்கள் முகாம்களில் துப்பாக்கி இல்லை. ஆனால் சிமென்ட் ரோடு கீழத்தெருவில் ஆரம்பிப்பதா, மேலத்தெருவிலா என்று நள்ளிரவு வரை நடந்த பஞ்சாயத்துகள் உண்டு. அப்போதெல்லாம் நிர்வாகி செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு, யாரும் எழுந்து போய்விடாதபடி டீ சொல்லிக்கொண்டே இருப்பதுதான்.

ஓர் ஊரில் மூன்று ஆண்டு தொடர்ந்து முகாம் நடத்துவோம். முதல் ஆண்டு ஊர் நம்மை வேடிக்கை பார்க்கும். இரண்டாம் ஆண்டு கை நீட்டும்: டீச்சரம்மா, கலெக்டர்கிட்டச் சொல்லி அது வாங்கிக் குடுங்க, இது வாங்கிக் குடுங்க. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இடத்தில் மயங்கிவிடுகின்றன. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்து, ஊருக்கே நம்மைத் தவிர கதியில்லை என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிடும். நாங்கள் இரண்டாம் ஆண்டில் மனு எழுதும் பயிற்சியை வைப்போம். யாருக்கு எழுதுவது, எந்த அலுவலகத்தில் எந்த வேலை, ரசீது ஏன் கேட்டு வாங்க வேண்டும், பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது. சொல்லிக்கொடுப்பவர்கள் மாணவர்கள், எழுதுகிறவர்கள் மகளிர் குழுப் பெண்கள்.

மேலே சொன்ன கருவேலங்காட்டு ஊரில் மூன்றாம் ஆண்டு முகாமின்போது, இருந்த ஒரே டவுன் பஸ்ஸின் மாலை நடையை நிறுத்திவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். பெண்கள் தாங்களே மனு எழுதினார்கள். எந்தெந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பள்ளி விடும் நேரம், மாற்று வழி இல்லை என்பது எல்லாம் வரிசையாக இருந்தது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கிளம்புவதாகச் சொன்னார்கள். பல்கலைக்கழக ஜீப் இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். குழுத் தலைவி கொஞ்சம் தயங்கினார்.

“நீங்க வர வேணாம் டீச்சரம்மா. வந்தீகன்னா காலேஜ்காரக எழுதிக் குடுத்ததும்பாக.”

சரி என்றேன். மெயின் ரோடு வரை நடந்துபோய் மினி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அந்த வாரமே அந்த ஊர்க் கோப்பில் இறுதிக் குறிப்பு எழுதி முடித்து, அடுத்த ஊருக்குப் புதிய கோப்பு எண் போடச் சொன்னேன்.